போர்த்துகல் மடாலயங்கள் – 4: ஆற்றைச் சமையலறைக்குள் அழைத்த துறவிகள்

கோயிம்பிரா நகரத்துச் சாந்தா குரூஸ் மடத்திலே, போர்த்துகலின் முதல் மன்னனான அஃபோன்சோ ஹென்ரிக்கஸின் சமாதியின் முன் நின்று, அவன் ஸ்தாபித்த ராஜ்யத்தின் இளமைப் பருவத்தைச் சென்ற அத்தியாயத்தில் ஒருவாறு பார்த்தோம். அந்த மன்னன் தன் உடலைக் கோயிம்பிராவுக்குக் கொடுத்தான். ஆனால் தன் வாழ்நாளில் செய்த நிலக்கொடைகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று என எண்ணத்தக்கதை, அந்நகருக்குத் தெற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்திற்கும் கந்தியெய்ரோஸ் மலைத்தொடருக்கும் இடையே பாதி சதுப்பாகவும் பாதி காடாகவும் கிடந்த ஒரு பிரதேசத்தில், பிரான்சு தேசத்திலிருந்து வரவிருந்த வெள்ளாடைத் துறவியர் சிலருக்குக் கொடுத்தான். 1153-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆம் தேதியிட்ட அந்தத் தானசாசனம் கிளேர்வோ மடத்து அதிபரான புனித பெர்நார்துவின் பெயருக்கு எழுதப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஆகவே அந்த மகானுடைய கண்கள் மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் கருக்கொண்டது என்னும் பெருமை அல்கோபாசா மடாலயத்திற்கு உண்டு.

லிஸ்பன் நகரத்திலிருந்து வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலாகப் பிரயாணம் செய்தால் இவ்வூரை அடையலாம். வழியின் இருபுறமும் தாழ்ந்த குன்றுகள், சுண்ணாம்பு பூசிய வீடுகள், வரிசை பிசகாமல் நட்ட ஆப்பிள் மரங்களும் பேரிக்காய் மரங்களும், இடையிடையே திராட்சைத் தோட்டங்கள். அல்கோபாசா ஆப்பிள் என்று பெயர் சொல்லி விற்கப்படும் கனிக்கு அந்தத் தேசத்தில் தனி மதிப்பு இருக்கிறது. பார்ப்பவர்கள் இந்தப் பசுமையை இயற்கையின் கொடை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது இயற்கையின் கொடை அன்று. ஜபம் செய்த நேரம் போக மிஞ்சிய நேரமெல்லாம் மண்வெட்டி பிடித்த மனிதர்கள், தலைமுறை தலைமுறையாகச் சதுப்பை வடித்து, காட்டைத் திருத்தி, விதை தெரிந்து, ஒட்டுக் கட்டிப் படைத்த சிருஷ்டி.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் பெத்ரோ மன்னனுடைய சமாதியையும் அவன் காதலி இனேஸுடைய சமாதியையும் நாடி வருகிறார்கள். பார்த்துக் கண் கலங்கித் திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சமாதிகளின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும், ஒரு மடத்தின் சரித்திரத்தை அதில் அடக்கம் செய்யப்பட்ட அரசர்களைக் கொண்டு எழுதுவதைக் காட்டிலும், அதில் வாழ்ந்தவர்கள் என்ன உழைத்தார்கள், என்ன உண்டார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பதைக் கொண்டு எழுதுவதே நியாயம் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். அல்கோபாசாவில் அந்தச் சரித்திரம் வாய்க்காலிலும் சமையலறையிலும் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் வாசலிலிருந்து தொடங்குவோம். விசாலமான மைதானத்துக்கு எதிரே இருபுறமும் நீண்ட வெண்ணிற மாளிகைகள் விரிந்து கிடக்க, நடுவே இரண்டு மணிக்கூண்டுகளுடன் தேவாலயத்தின் முகப்பு எழுந்து நிற்கிறது. இந்த முகப்பு 1702-ஆம் ஆண்டு தொடங்கிக் கால் நூற்றாண்டுக் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. சுருள்களும் சிலைகளும் அலங்கார வளைவுகளும் நிறைந்த பரோக் பாணியைச் சேர்ந்தது. அந்த ஆடம்பரத்தின் மத்தியில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் கூர்வளைவு வாயிலையும் அதன் மேலுள்ள வட்டச் சாளரத்தையும் மட்டும் கட்டடக் கலைஞர்கள் தொடாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். வாயிலின் இருபக்கமும் புனித ஆசீர்வாதப்பரும் புனித பெர்நார்தும் சிலைகளாக நிற்கிறார்கள். ஒருவர் விதியை எழுதியவர். மற்றவர் அந்த விதியை அதன் முதல் கடுமைக்கு மீட்டவர்.

அந்தப் பழைய வாயிலைக் கடந்து உள்ளே கால் வைத்ததும் பல நூற்றாண்டுகள் பின்னே சென்றுவிடுகிறோம். நீளம் சுமார் 106 மீட்டர். உயரம் சுமார் 20 மீட்டர். அகலமோ இவற்றை நோக்க மிகக் குறைவு. நடுக்கூடமும் இருபுறப் பக்கக் கூடங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்திற்கு எழுவதால், வெண்சுண்ணக் கல்லாலான தூண்கள் இருமருங்கும் காடுபோல அடர்ந்து, பார்வையை வேறெங்கும் திரியவிடாமல் கோடியிலுள்ள பீடத்தை நோக்கியே இழுத்துச் செல்கின்றன. சுவரில் சித்திரமில்லை, தூண்களின் தலைப்பில் மிருகங்களோ மனித முகங்களோ இல்லை, சாளரத்தில் வர்ணக் கண்ணாடி இல்லை. தூணுக்கு அருகில் சென்று பார்த்தால் இரண்டு விஷயங்கள் புலப்படும். ஒன்று: நடுக்கூடத்தை நோக்கிய அரைத்தூண்கள் தரைவரை இறங்காமல், ஆள் உயரத்துக்கு மேலேயே ஒரு சிறு தாங்கியில் முடிந்துவிடுகின்றன, கீழே துறவியர் அமர்ந்து பாடும் மரஆசனங்களுக்கு இடம் விடுவதற்காக இந்தத் துறவியருடைய சிற்பிகள் கையாண்ட முறை அது. மற்றொன்று: கற்களின் முகத்தில் உளியால் கீறிய சிறு சிறு குறிகள். கல்தச்சன் ஒவ்வொருவனும் தான் செதுக்கிய கல்லுக்குத் தன் அடையாளத்தை இட்டிருக்கிறான், கூலி கணக்கிடும்போது வழக்கு வராமல் இருப்பதற்காக. பெயர் தெரியாத அந்த மனிதர்களுடைய கையெழுத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் விளிம்பு மழுங்கவில்லை.

இந்த வெறுமை ஏழ்மையால் வந்ததன்று, பிரதிக்ஞையால் வந்தது. 1098-ஆம் ஆண்டில் பர்கண்டிப் பிரதேசத்திலுள்ள சீத்தோ என்னுமிடத்தில், ஆசீர்வாதப்பரின் விதியை எழுத்துப் பிசகாமல் அனுஷ்டிக்க வேண்டும் என்று புறப்பட்ட சிலர் தொடங்கியதே சிஸ்தேர்சியன் சபை. அந்தக் காலத்தில் குளுனி மடமும் அதன் கிளைகளும் பொன்னும் மணியும் பூண்டு, நாள் முழுவதும் ஆராதனைச் சடங்குகளால் நிறைந்து, கைத்தொழிலைக் குடியானவர்களுக்கு விட்டுவிட்டிருந்தன. பெர்நார்து சபையில் சேர்ந்து, 1115-இல் கிளேர்வோ மடத்தை ஸ்தாபித்து, தம்முடைய எழுத்தாலும் வாக்காலும் அந்த ஆடம்பரத்தை வன்மையாகக் கண்டித்தார். சாயம் ஏற்றாத கம்பளி அங்கி, மாமிசமில்லாத உணவு, நள்ளிரவு தாண்டி எழுந்து ஓதும் ஜபம், கல்லாலான மணிக்கோபுரமும் வர்ணச் சாளரமும் கூடாதென்ற சட்டம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் சோற்றைத் தன் கையால் சம்பாதிக்க வேண்டும் என்ற நியமம்: இவைதாம் அவர்களுடைய வைராக்கியத்தின் உறுப்புக்கள். தாய்மடமான கிளேர்வோவின் மாபெரும் தேவாலயம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடித்துத் தள்ளப்பட்டது; மடத்தின் மற்றக் கட்டடங்கள் நெப்போலியன் காலத்தில் சிறைச்சாலையாயின. அதனுடைய அமைப்பைப் பின்பற்றி 1178-இல் தொடங்கி 1252-இல் அபிஷேகம் செய்யப்பெற்ற அல்கோபாசா ஆலயமோ நின்று நிலவுகிறது. தாயின் முகச்சாயலை மகளிடத்தில் காண விரும்புகிறவர்கள் இங்கே வரவேண்டும். பீடத்தைச் சுற்றிய நடைபாதையும், அதிலிருந்து கதிர்போல விரியும் ஒன்பது சிற்றாலயங்களும் அந்தச் சாயலின் தெளிவான அடையாளங்கள்.

மடம் தோன்றிய கதையை நுழைவாயிலுக்கு அருகிலுள்ள அரசர் கூடத்தின் சுவர்களில் நீலமும் வெள்ளையுமான ஓடுகளில் சித்திரமாகப் பார்க்கலாம். மூர்கள் வசமிருந்த சாந்தரேம் கோட்டையைத் தாக்கப் புறப்பட்ட அஃபோன்சோ, மலைமீது நின்று, வெற்றி கிட்டினால் கண்ணுக்கெட்டிய நிலமெல்லாம் பெர்நார்துவின் துறவியருக்கே என்று பிரதிக்ஞை செய்ததாகவும், பிரான்சிலிருந்த பெர்நார்து அதைத் தெய்வீகமாக அறிந்ததாகவும் அந்தச் சித்திரங்கள் சொல்கின்றன. 1147-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சாந்தரேம் விழுந்தது உண்மை. அதே ஆண்டு அக்டோபரில் சிலுவைப் போர்வீரர்களின் உதவியோடு லிஸ்பன் விழுந்ததும் உண்மை. ஆனால் பிரதிக்ஞைக் கதைக்கு அந்தக் காலத்துச் சாசனங்களில் ஆதாரம் கிடையாது. இக்கதையைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் இதே மடத்துத் துறவியான பெர்நார்து தெ பிரித்து. போர்த்துகலின் ஆதி சரித்திரத்தைக் கூறும் அவருடைய ‘மொனார்கியா லூசித்தானா’வின் முதற்பாகம் 1597-இல் இம்மடத்திலேயே அச்சிடப்பட்டது. தம் மடத்தின்மீதும் தேசத்தின்மீதும் அவர் கொண்ட பக்தி அளவற்றது. அந்தத் தேசம் அப்போது ஸ்பெயின் மன்னனுடைய ஆளுகையில் இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் இல்லாத பிரமாணங்களை இருப்பதாகக் காட்டும் அளவுக்கு அந்தப் பக்தி சென்றுவிட்டது. அதே கூடத்தில் போப்பாண்டவர் மூன்றாம் அலெக்சாந்தரும் புனித பெர்நார்தும் சேர்ந்து அஃபோன்சோவுக்கு முடிசூட்டும் சிற்பத் தொகுதி ஒன்றும் இருக்கிறது. போப்பாண்டவர் அஃபோன்சோவை அரசனாக அங்கீகரித்தது 1179-இல். பெர்நார்து இறந்து அப்போது 26 ஆண்டுகள் கழிந்துவிட்டன. சரித்திரம் எழுதுகிறவன் இத்தகைய சிற்பங்களை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை எந்த நூற்றாண்டின் ஆசையைச் சொல்லுகின்றன என்று கேட்க வேண்டியது அவன் கடமை.

கதையை ஒதுக்கிவிட்டுக் காரணத்தைத் தேடினால், அது மிகவும் எளிது. மூர்களிடமிருந்து பிடித்த நிலத்தில் மக்கள் இல்லை. மக்கள் இல்லாத நிலத்தை எந்தக் கோட்டையாலும் காக்க முடியாது. குடியேறி உழுது பயிரிட்டு, தெற்கிலிருந்து படையெடுப்பு வந்தாலும் பெயராமல் இருப்பவர்கள் மன்னனுக்குத் தேவைப்பட்டார்கள். பெண்டு பிள்ளை இல்லாதவர்களும், வனாந்தரத்தை விரும்பித் தேடுகிறவர்களும், வேலைக்கு அஞ்சாதவர்களுமான சிஸ்தேர்சியர்களைவிடத் தகுதியானவர் யார்? அவர்கள் பட்ட கஷ்டமும் சாமானியமன்று. 1195-ஆம் ஆண்டில் மூர்ப் படையெடுப்பினால் மடம் பெருஞ்சேதம் அடைந்தது. கட்டிக்கொண்டிருந்த ஆலயத்தின் வேலை தடைப்பட்டது. 1223-இல்தான் புது மடத்திற்குள் அவர்கள் குடிபுக முடிந்தது.

அவர்களுடைய நிலம் நாளடைவில் சுமார் 44,000 ஹெக்டேர் விஸ்தீரணத்தை எட்டியது. பல ஊர்களும் கடற்கரைத் துறைகளும் அதற்குள் அடங்கின. மடத்திலிருந்து தூரமாயுள்ள நிலங்களில் பண்ணைகளை ஏற்படுத்தி, அவற்றைப் பணிச் சகோதரர்களின் பொறுப்பில் விட்டார்கள். இவர்கள் குருப்பட்டம் பெறாதவர்கள், எழுத்தறிவு வேண்டப்படாதவர்கள், பாட்டுத் துறவியரைவிடக் குறைவான ஜபமும் கூடுதலான வேலையும் விதிக்கப்பட்டவர்கள். உழவும் மந்தை மேய்ப்பும் திராட்சை வளர்ப்பும் இரும்பு வேலையும் அவர்கள் கையில் இருந்தன. மடத்தின் முதல் நூற்றாண்டுப் புகழ் யாருக்குச் சேர வேண்டும் என்று என்னைக் கேட்டால், மடாதிபதிகளுக்கு முன்பாக இந்தச் சகோதரர்களையே சுட்டிக்காட்டுவேன். ஆலயத்தில் அவர்களுக்குப் பின்பக்கத்தில் இடம். சரித்திர நூல்களிலும் பின்பக்கத்தில்தான் இடம் கிடைத்திருக்கிறது.

அல்கோவா, பாசா என்னும் இரண்டு சிற்றாறுகள் கூடும் இடத்தில் அமைந்தது இந்த மடம். சிஸ்தேர்சியர்கள் மடத்துக்கு இடம் தெரிந்தெடுக்கும்போது குன்றின் உச்சியை நாடுவதில்லை. பள்ளத்தாக்கையும் நீரோட்டத்தையும் நாடுவார்கள். அல்கோவா ஆற்றிலிருந்து ஒரு வாய்க்காலை வெட்டி, அதை மடத்தின் அடியில் செலுத்தி, குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் அசுத்தத்தை அகற்றவும் பயன்படுத்தி, மறுபடியும் ஆற்றிலேயே சேர்த்தார்கள். பிராகாரத்தின் ஓரத்தில், போஜனசாலை வாசலுக்கு நேர் எதிரே, கல் வளைவுகள் சூழ்ந்த சிறு மண்டபத்தில் ஒரு நீர்த்தொட்டி இன்றும் இருக்கிறது. வயலிலிருந்து திரும்பிய துறவி அதில் கை கழுவிவிட்டுத்தான் உணவுக்கு உட்காரலாம்.

அந்தப் போஜனசாலையின் ஒரு பக்கச் சுவரினுள்ளே படிக்கட்டு ஒன்று சாய்வாக ஏறுகிறது. அதன் மேல் படிப்படியாக உயர்ந்து செல்லும் சிறு வளைவுகள். முடிவில் வாசகர் நிற்கும் மேடை. எல்லோரும் பேசாமல் உண்ண, ஒருவர் மட்டும் மேலே நின்று வேதாகமத்தையோ பிதாக்களின் நூல்களையோ வாசிப்பார். அல்கோபாசா முழுவதிலும் என் கண்ணுக்கு மிக அழகாகத் தோன்றியது இந்தப் படிக்கட்டுத்தான். ஒரு பூவேலை இல்லை. ஏறும் வளைவுகளின் அளவுப் பொருத்தம் ஒன்றே அதன் அலங்காரம். பிராகாரத்திற்கு மௌனப் பிராகாரம் என்று பெயர். திநிஸ் மன்னன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கட்டப்பட்டது. அதன் மேல்மாடி, வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டுக்கு அனுப்பிய அதே மனுவேல் மன்னன் காலத்தில், ஜுவாவோ தெ காஸ்தில்யோ என்னும் சிற்பியின் திட்டப்படி எழுந்தது. கீழே நிதானமான வளைவுகள். மேலே முறுக்குக் கம்பங்களும் கொடி வேலைப்பாடும். ஒரே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், எங்கே அடக்கம் முடிந்து எங்கே செல்வச் செருக்குத் தொடங்கியது என்பதைக் கோடு கிழித்தாற்போல் காணலாம்.

கல்வியில் மடம் செய்த பணியை மறைத்துவிட்டுச் செல்வத்தைப் பற்றிப் பேசுவது தர்மமாகாது. 1269-ஆம் ஆண்டில் எஸ்தேவாவோ மார்த்தின்ஸ் என்னும் மடாதிபதி இலக்கணம், தர்க்கம், இறையியல் ஆகியவற்றுக்கு வகுப்புக்கள் ஏற்படுத்தினார். போர்த்துகலில் பொதுக் கல்வியின் தொடக்கங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. 1288-இல் தேசத்தில் ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று போப்பாண்டவருக்கு விண்ணப்பித்துக் கொண்டவர்களில் அல்கோபாசா மடாதிபதியும் ஒருவர். எழுதுகூடத்திலே தோற்சுவடிகளைப் பிரதி செய்வது பல தலைமுறைகள் இடையறாது நடந்தது. நாட்டின் மிகப் பெரிய நூல் நிலையங்களுள் ஒன்று இங்கே வளர்ந்தது.

இனி அந்தச் சமாதிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தன் மனைவியான இளவரசி கொன்ஸ்தான்சாவின் தோழியாக வந்த, கலீசியக் குலத்தைச் சேர்ந்த இனேஸ் தெ காஸ்த்ரோவை இளவரசன் பெத்ரோ காதலித்தான். அவளுடைய சகோதரர்களின் செல்வாக்குக்கு அஞ்சிய தந்தை நான்காம் அஃபோன்சோவின் ஆணையால் அவள் 1355-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி கோயிம்பிராவில் கொலையுண்டாள். 1357-இல் அரசனான பெத்ரோ, கொலையாளிகளில் இருவரைப் பிடித்துக் கொடூரமாகக் கொன்றான். பின்பு அவளுடைய உடலை ராஜமரியாதையோடு கோயிம்பிராவிலிருந்து இங்கே கொண்டுவந்தான். எலும்புக்கூட்டுக்கு முடிசூட்டிப் பிரபுக்களை அதன் கையை முத்தமிடச் செய்தான் என்பது பிற்காலக் கற்பனை. உடன்காலச் சான்று அதற்கு இல்லை. சமாதிகளோ கற்பனையை மிஞ்சுகின்றன. பெத்ரோவின் பேழையைச் சிங்கங்கள் தாங்குகின்றன; காலடியில் நாய் படுத்திருக்கிறது; தலைமாட்டில் வட்டமாகச் சுழலும் சக்கரத்தில் வாழ்வின் ஏற்றமும் வீழ்ச்சியும் விரலளவு உருவங்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. பக்கங்களில் புனித பர்த்தலமேயுவின் சரிதம். இனேஸின் பேழையை மனித முகமும் மிருக உடலுமான உருவங்கள் சுமக்கின்றன. பக்கங்களில் கிறிஸ்துவின் வாழ்க்கை. கால்மாட்டில் கடைசித் தீர்வை, நல்லவர் படியேறவும் தீயவர் ராட்சத வாயில் விழவும். உயிர்த்தெழும் நாளில் முதற்பார்வையிலேயே ஒருவரை ஒருவர் காணும்படி, பாதத்துக்கு நேர் பாதமாகப் பெத்ரோ இவற்றை வைக்கச் சொன்னான் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் இவை அருகருகேதான் இருந்தன. ஆலயத்தின் இரு கைகளிலும் எதிரெதிராக இன்றைய இடத்திற்கு வந்தது 1956-ஆம் ஆண்டில். இதைச் சொல்லுவதனால் அந்த மன்னனின் துயரம் குறைந்துவிடாது.

இந்தச் சமாதிகள் மடத்திற்குக் கொண்டுவந்தவை புகழ் மட்டுமல்ல. அரசகுடும்பத்தின் தயவும், அதற்குப் பின்னாலேயே அரசகுடும்பத்தின் கையும் உள்ளே வந்தன. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து மடத்தில் வாழாமலே வருமானத்தை அனுபவிக்கும் பெயரளவு மடாதிபதிகள் தோன்றினார்கள். பின்னாளில் அரசனான கர்தினால் ஹென்ரிக் அவர்களுள் ஒருவர். பணிச் சகோதரர்கள் குறைந்துபோய்ப் பண்ணைகளில் குடியானவர்கள் குடியேற்றப்பட்டார்கள். அவர்கள் விளைச்சலில் பங்கு அளந்தார்கள். மடத்து ஆலையில் அரைத்தார்கள். மடத்துச் செக்கில் ஆட்டினார்கள். கைத்தொழிலால் உயிர்வாழ்வோம் என்று கூறிப் பிரிந்து வந்தவர்கள், மற்றவர் கைத்தொழிலால் உயிர்வாழும் ஜமீன்தார்களானார்கள். இது தனிமனிதர் குற்றமன்று. உழைப்பை விரதமாகக் கொண்டவன், சுகத்தை விரும்பாததனாலேயே, ஈட்டியதைச் செலவழிப்பதில்லை. செலவழியாத செல்வம் பெருகுகிறது. பெருகிய செல்வம் அவனுடைய பேரப்பிள்ளைகளின் விரதத்தைத் தின்கிறது. அந்தக் காரியகாரண முறையை இவ்வளவு வெளிப்படையாகக் கட்டடத்தில் காட்டும் இடம் வேறொன்றை நான் கண்டதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட சமையலறைக்கு வந்தோம். மாளிகை உயரத்துக்கு எழும் கூடம். தரைமுதல் மேல்வரை பளபளக்கும் ஓடுகள். நடுவே இரும்புத் தூண்கள் தாங்க, கூம்பாக மேலேறும் மாபெரும் புகைபோக்கி. கட்டடங்களில் இரும்பைத் தூணாக உபயோகிப்பது அபூர்வமாயிருந்த காலம் அது. அடியில் நின்று அண்ணாந்தால், உச்சியில் ஒரு சதுர ஆகாயம் தெரிகிறது. பெரிய கல் மேஜைகள், கல் தொட்டிகள். ஒரு பக்கத்தில் அல்கோவா வாய்க்காலின் கிளை தரைமட்டத்திலேயே உள்ளே நுழைந்து, ஒரு தொட்டியை நிரப்பிவிட்டு வெளியேறுகிறது. 1794-ஆம் ஆண்டில் இங்கே விருந்தினராகத் தங்கிய ஆங்கிலேயச் செல்வர் வில்லியம் பெக்ஃபர்டு, அந்த நீரில் உயிருள்ள மீன்கள் நீந்தியதையும், வேட்டை மாமிசமும் காய்கறிகளும் குவிந்து கிடந்ததையும், சகோதரர்கள் பாடிக்கொண்டே மாவு பிசைந்து பணியாரம் செய்ததையும் வர்ணித்திருக்கிறார். அவருடைய நூல் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1835-இல் வெளிவந்தது. முதுமையின் நினைவும் எழுத்தாளனின் கைவண்ணமும் அதில் கலந்திருக்கும் என்பதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். போஜனசாலையில் ஒரு குறுகிய வாசல் இருந்ததாகவும், அதில் நுழைய முடியாத அளவு பருத்த துறவி உபவாசமிருக்க வேண்டியதாகவும் சொல்லும் கதையும் அத்தகையதே. ஆனால் புகைபோக்கி கதையன்று. காய்கறிக் கஞ்சி காய்ச்சுவதற்காக எவரும் அதைக் கட்டியிருக்க மாட்டார்கள். வயலுக்கும் ஆலைக்கும் ஓடிய அதே வாய்க்கால்தான் இங்கே மீன் வளர்த்தது.

முடிவு விரைவாக வந்தது. 1811-இல் பின்வாங்கிய பிரெஞ்சுப் படையினர் மடத்தைச் சூறையாடி, பொன் கிடைக்கும் என்றெண்ணிச் சமாதிகளை உடைத்துத் திறந்தார்கள். இனேஸின் பேழையில் அந்தச் சிதைவு இன்றும் தெரிகிறது. பின்பு அரச சகோதரர்களான பெத்ரோவுக்கும் மிகேலுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் துறவியர் பெரும்பாலும் மிகேலின் பக்கம் சாய்ந்தனர். 1833-ஆம் ஆண்டு அக்டோபரில், எதிர்ப்படை நெருங்கவே, அல்கோபாசாத் துறவியர் மடத்தைவிட்டு வெளியேறினார்கள். வெளியேறியதும் சுற்றுப்புற மக்கள் உள்ளே புகுந்து கிடைத்ததையெல்லாம் எடுத்துச் சென்றார்கள். இதை அறியாமை என்றும் பேராசை என்றும் மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள், நூற்றாண்டுக்கணக்கில் அந்த மக்கள் அளந்த பங்கையும் செக்குவரியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1834-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மந்திரி ஜுவாக்கிம் அந்தோனியோ தெ அகியார் கொண்டுவந்த சட்டம் போர்த்துகலிலுள்ள ஆண் துறவியர் மடங்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் கலைத்து, சொத்துக்களைத் தேசத்தின் உடைமையாக்கியது. துறவியரைக் கொன்றவர் என்று அந்த மந்திரிக்கு மக்கள் பட்டம் சூட்டினார்கள்.

அந்தச் சட்டத்தின் அலை நம்முடைய கரையையும் தொட்டது. 1835-இல் கோவாவிலிருந்த துறவற மடங்களும் கலைக்கப்பட்டன. ரோமாபுரிக்கும் லிஸ்பனுக்கும் உறவு முறிந்தது. 1838-இல் போப்பாண்டவர் பதினாறாம் கிரகோரி, மயிலாப்பூர், கொச்சி முதலிய இடங்களில் போர்த்துகல் மன்னர்கள் பரம்பரையாகக் கொண்டிருந்த ஞான அதிகாரத்தை நீக்கிக் கட்டளையிட்டார். பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை நாட்டிற்குத் திரும்பி வந்ததும் அதே ஆண்டுகளில்தான். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க் கோயில்களில் கோவாக் குருமார் பக்கமென்றும் ரோமாபுரிக் குருமார் பக்கமென்றும் இரு கட்சிகள் நெடுங்காலம் வழக்காடியதன் வேர்களில் ஒன்று லிஸ்பனில் கையெழுத்தான அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

கட்டடம் தப்பியது. அதன் பகுதிகள் பட்டாளத்துக்கும் அரசாங்கக் காரியாலயங்களுக்கும் ஏழைகள் விடுதிக்கும் பயன்பட்டன. 1907-இல் தேசிய நினைவுச்சின்னமென அறிவிக்கப்பட்டது. 1989-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நூல் நிலையம் சிதறியபோதும், தோற்சுவடிகளில் 450-க்கும் மேற்பட்டவை லிஸ்பனிலுள்ள தேசிய நூலகத்துக்குச் சென்று சேர்ந்து பத்திரமாக இருக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் இங்கே எழுதியவர்களின் கையெழுத்தை ஆராய்ச்சியாளர்கள் அங்கே படிக்கலாம். மடம் முழுவதையும் பார்க்க விரும்புகிறவர்கள் ஆகவே இரண்டு இடங்களுக்குப் போகவேண்டும்.

அரசர் கூடத்தில் ஓடுகளையும் சிலைகளையும் பார்த்தபோது, மூலையிலிருந்த பெரிய உலோகக் கொப்பரை ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டேன். 1385-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி அல்ஜுபரோத்தா யுத்தத்தில் தோற்றோடிய காஸ்தீலியப் படையின் பாசறையிலிருந்து கைப்பற்றப்பட்டது என்று அதைச் சொல்லுவார்கள். அந்த வெற்றிக்கு நன்றியாக முதலாம் ஜுவாவோ மன்னன் எழுப்பிய பதால்யா மடாலயம் இங்கிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்தில், டொமினிக்கன் சபையாருக்காகக் கட்டப்பட்டது. அதன் சரித்திரத்தை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.